பல்லுயிரைப் பற்றி ஊராரிடம் பேசுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று பறவை காட்டும் இளைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கூட்டத்தில் நின்று பேச வேண்டியவர்களை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

பல்லுயிர் என்றால் என்ன என்று ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்னால் என்ன சொல்வது?

நெல்லில் தொடங்குங்கள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், கருப்புக் கவுனி எல்லாமே நெல்தான். ஆனால் ஒன்று வெள்ளத்தைத் தாங்கும், இன்னொன்று வறட்சியைத் தாங்கும், வேறொன்று குறைந்த நாளில் விளையும். ஓர் இனத்துக்குள்ளேயே இருக்கும் இந்த வேறுபாடு முதல் அடுக்கு. அதே வயலில் தவளை, தட்டான், சிலந்தி, நண்டு, கொக்கு என்று வாழும் பல இனங்கள் இரண்டாவது அடுக்கு. வயல், ஏரி, கரடு, மேய்ச்சல் நிலம், கோயில் காடு என்று ஓர் ஊருக்குள்ளேயே இருக்கும் பல வகை இடங்கள் மூன்றாவது அடுக்கு. மூன்றும் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன என்பதைச் சொல்லிவிட்டால் போதும். மேற்கொண்டு விளக்கம் வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள்.

"ஏதோ ஒரு பறவை அழிந்தால் எனக்கு என்ன நட்டம்?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இது நியாயமான கேள்வி. கேட்டவரை அலட்சியக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு என்னிடம் இருக்கும் மிக வலுவான பதில் பிணந்தின்னிக் கழுகின் கதைதான்.

கூட்டத்தில் அறுபது வயதைத் தாண்டியவர் ஒருவராவது இருப்பார். "உங்கள் சின்ன வயதில் மாடு செத்தால் எங்கே போடுவார்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். ஊருக்கு வெளியே போட்டதையும், கழுகுகள் வட்டமடித்து இறங்கியதையும், சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சியதையும் அவரே சொல்வார். அடுத்ததாக, "இப்போது அந்தக் கழுகுகள் எங்கே?" என்று கேளுங்கள்.

1990களில் இந்தியா முழுவதும் பாறு கழுகுகள் எனப்படும் இந்தப் பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழத் தொடங்கின. அவற்றில் வெண்முதுகுப் பாறு என்ற வகை 1992க்கும் 2007க்கும் இடையில் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. புதிய தொற்றுநோய் என்றுகூட எண்ணினார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் விடையைச் சொன்னது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்படும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்துதான் காரணம். ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்து, அந்த இறைச்சியைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கிறது. இறந்த கழுகின் வயிற்றைத் திறந்தால் உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருக்கும். கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா 2006இல் தடை செய்தது.

கழுகு போனதும் செத்த மாடு கிடந்து அழுகியது. தெருநாய்கள் பெருகின, வெறிநோய்க்கு வழி திறந்தது, நீர்நிலைகள் கெட்டன. பாறு கழுகுகள் மறைந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது. இதைச் சொன்ன பிறகு "எனக்கு என்ன நட்டம்?" என்ற கேள்வி கூட்டத்தில் எழுவது அரிது.

இந்தக் கதையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செய்ய வேண்டிய வேலை என்ன, செய்ய வேண்டியவர் யார் என்பது இதில் தெளிவாக இருக்கிறது. தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான பெரிய மருந்துக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால்தான் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லிக்குள் கட்டுப்படுத்தினார்கள். கழுகுக்கு ஆகாத வேறு வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய இரண்டையும் கால்நடைகளுக்குத் தருவதை 2023இல் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் பாறு கழுகுகளுக்குப் பாதுகாப்பான மாற்று. ஆகவே முதுமலை, சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ஊர்களில் பேசினால் முதலில் பேச வேண்டியது மாடு வைத்திருப்பவரிடம், அடுத்து மருந்துக் கடைக்காரரிடம், அதன்பின் கால்நடை மருத்துவரிடம். தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகின்றன.

10 லட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்ற எண்ணைச் சொல்லித் தொடங்கலாமா?

வேண்டாம். அது உலகின் அறிவியலாளர்கள் கூடி 2019இல் வெளியிட்ட மதிப்பீடு, பொறுப்பான எண்தான். ஆனால் கேட்பவரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "நம் கையில் என்ன இருக்கிறது" என்று எழுந்து போய்விடுவார். ஊர்க் குளத்தில் முன்பு இருந்து இப்போது காணாமல்போன ஒரு மீனைப் பற்றி முதலில் பேசுங்கள்.

பார்க்கவே பிடிக்காத, பயமுறுத்தும் உயிர்களுக்காக மக்களிடம் எப்படிப் பேசுவது?

அசாமில் காமரூப் மாவட்டத்து தாதரா கிராமத்தில் நடந்ததை இந்தத் துறையில் இறங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹர்கிலா என்று அங்கே அழைக்கப்படும் பெருநாரை ஏறக்குறைய ஐந்து அடி உயரம் இருக்கும். வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, நீண்ட தடித்த அலகு. குப்பைமேட்டில் அழுகிய இறைச்சியைத் தின்னும். வீட்டுத் தோட்டத்துக் கடம்ப மரத்தின் உச்சியில் கூடு கட்டும். குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் அழுகல் துண்டுகள் முற்றத்தில் விழும், எச்சம் நாறும். அபசகுனம் என்ற நம்பிக்கை வேறு. மரத்துக்காரர்கள் மரத்தையே வெட்டினார்கள். 2007இல் அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டுக் குஞ்சுகள் கீழே விழுந்து கிடந்ததைக் கண்ட உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன், தம் முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஊராரிடம் பேசப் போனார்.

முதலில் கிடைத்தது கேலிதான். அவர் பறவையின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கவில்லை. பெண்களுக்குச் சமையல் போட்டி வைத்தார். வந்தவர்களோடு பழகினார். மரத்துக்காரர்களை ஊர் மேடைக்கு அழைத்துச் சிறப்பு செய்தார். மரத்தடியில் வலை கட்டி, தவறி விழும் குஞ்சுகளைக் காப்பாற்றினார்கள். பறவை கூடு கட்டும் பருவத்தில், கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் சடங்கைத் தாய்ப் பறவைக்காகச் செய்தார்கள். நம் ஊரில் நாரைக்கு வளைகாப்பு நடத்துவதாக எண்ணிப் பாருங்கள். நம் பெண்கள் அதற்குப் பாட்டுப் பாடாமல் இருப்பார்களா? அங்கே பாடினார்கள். பிறகு தறியில் அமர்ந்து சேலையிலும் கமோசாத் துண்டிலும் ஹர்கிலாவின் உருவத்தை நெய்தார்கள். அதை விற்று வருமானமும் வந்தது. "ஹர்கிலா படை" என்று தங்களை அழைத்துக்கொள்ளும் பெண்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பகுதியில் 30க்கும் குறைவாக இருந்த கூடுகள் 200ஐத் தாண்டின. பர்மனுக்கு 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. அழியும் ஆபத்திலுள்ள இனமாக வைக்கப்பட்டிருந்த அந்தப் பறவை, 2023இல் உலகச் செம்பட்டியலில் ஆபத்தை நெருங்கிய இனம் என்ற ஒருபடி மேலான நிலைக்கு மாற்றப்பட்டது.

பறவை அழகாகிவிடவில்லை, நாற்றமும் குறையவில்லை. அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ள ஊருக்கு ஒரு வழி கிடைத்தது. அந்த வழியை ஊரின் சடங்கிலும் தறியிலும் தேடி எடுத்ததுதான் பர்மனின் திறமை.

பாம்புக்கும் இதே முறைதானா?

பாம்பைப் பொறுத்தவரை முதலில் உயிர்ப் பாதுகாப்பைப் பேசுங்கள். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவரிடம் "பாம்பு விவசாயியின் நண்பன்" என்று தொடங்குவது கொடுமை. இரவில் டார்ச் எடுத்துப் போவது, கடித்தால் கீறிவிடாமல் கட்டுப்போடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போவது ஆகியவற்றைச் சொல்லுங்கள். பிறகு, கடிபட்டவருக்கு ஏற்றும் மருந்து எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சிலிருந்துதான் அது வருகிறது. அந்த நஞ்சைச் சேகரிப்பவர்கள் வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்ட இருளர்கள். நஞ்சு எடுத்தபின் பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முடிந்தால் இருளர் ஒருவரையே பேச அழையுங்கள். நீங்களும் நானும் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகச் சேரும்.

வேட்டையாடுபவர்களிடம் போய் என்ன பேசுவது?

அவர்களின் வருமானத்தைப் பற்றிப் பேசத் தயாராக இல்லையென்றால் போகாமல் இருப்பதே நல்லது. நாகாலாந்தில் தொயாங் நீர்த்தேக்கத்தின் அருகே 2012இல் வலசை வரும் அமுர் வல்லூறுகள் பெருந்திரளாக வலையில் பிடிபட்டு இறைச்சிக்காக விற்கப்பட்டன. அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அணைக்கு நிலத்தை இழந்து மீன்பிடிக்கு மாறிய மக்கள், தங்கள் மீன் வலைகளையே பறவைகளுக்கும் விரித்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டே வேட்டை நின்றுபோனது. ஊர் அவைகள் தடை விதித்து அபராதம் வைத்தன, தேவாலயங்களில் போதித்தார்கள், தொண்டு அமைப்புகள் மாற்றுத் தொழிலுக்கு உதவின. 2013 நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டார்கள். பாங்தி என்பது அங்குள்ள கிராமத்தின் பெயர். தங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்த பறவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தெற்குக்குப் போவதை ஊரே பின்தொடர்ந்தது. அந்தப் பெயர் சூட்டலை நான் மிகவும் மதிக்கிறேன்.

மரம் நட்டால் பல்லுயிர் பெருகிவிடும்தானே?

நட்ட இடத்தையும் நட்ட மரத்தையும் பொறுத்தது. நீலகிரியில் இயற்கையாகப் புல்வெளியாக இருந்த சரிவுகளில் சீகை மரங்களையும் தைல மரங்களையும் பைன்களையும் நட்டார்கள். பச்சை கூடியது. வரையாடு மேய்ந்த புல்லும், அதில் மட்டுமே வாழ்ந்த செடிகளும் பறவைகளும் இடமிழந்தன. நடப்பட்ட சீகை இன்று தானாகவே பரவுகிறது. புல்வெளியை மீட்க அதை வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது.

மரம் நடும் விழாவுக்கு ஆள் சேர்ப்பது எளிது என்பதால் நம்மில் பலர் பல்லுயிரை மரமாகச் சுருக்கிவிட்டோம். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மேய்ச்சல் நிலம், தேரிக்காடு, முட்புதர்க் கரடு, உப்பளத்தை ஒட்டிய சேற்றுநிலம் எல்லாவற்றையும் "சும்மா கிடக்கும் இடம்" என்று அரசு ஆவணமும் சொல்கிறது, நாமும் சொல்கிறோம். ஓர் இடத்தில் கன்று நடுவதற்கு முன்னால், இப்போது அங்கே என்ன வாழ்கிறது என்று ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள்.

சீமைக்கருவேல மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உண்மையா?

உண்மை இல்லை. அந்த மரத்தின் வேர் மிக ஆழமாகப் போகும், வேகமாகப் பரவும், அடியில் மற்ற செடிகளை வளரவிடாது. ஏரிகளையும் மேய்ச்சல் நிலத்தையும் அது மூடிவிட்டது என்பதும் சரி. இந்த உண்மைகளே போதுமான காரணம். காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதாகப் புனைவதற்குத் தேவையே இல்லை.

புனைவால் ஒரு கேடும் உண்டு. 2017இல் நீதிமன்ற உத்தரவை அடுத்து மாநிலமெங்கும் அகற்றும் வேலை வேகமெடுத்தபோது, பறவைகள் கூடு கட்டிய மரங்களையும், நம் மண்ணின் மரமான கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும் ஆபத்து இருந்தது. இராமநாதபுரம் போன்ற இடங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்குச் சீமைக்கருவேல மரம்தான் சோறு. ஆகவே பதில் எழுதும்போது, பொய்யை மட்டும் மறுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எப்படி அகற்றுவது, அந்த இடத்தில் பிறகு என்ன வளர வேண்டும் என்று சேர்த்தே எழுதுங்கள்.

பணக்கணக்கில் பேசலாமா? உயிருக்கு விலை வைப்பது தவறு என்று சிலர் சொல்கிறார்கள்.

பேசலாம், ஆனால் அதை மட்டுமே பேசக் கூடாது.

வேடந்தாங்கல் விவசாயிகள் இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்தவர்கள். ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவை ஆய்வாளர் எவரும் வந்து அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. விளைச்சலைப் பார்த்துப் பேசினார்கள், அதிகாரி கேட்டுக்கொண்டார்.

இன்னோர் எடுத்துக்காட்டு. கரூர், திண்டுக்கல் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. விதையிலிருந்து மருந்துக்கான கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். அதன் பூவில் சூல்முடி ஒருபக்கமாக மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். அதனால் விதை நன்றாகப் பிடிக்க, காலை வேளையில் ஆட்கள் வயலில் இறங்கிப் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். பூச்சி கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு மனிதருக்கு எவ்வளவு கூலி ஆகும் என்று அந்த விவசாயியைக் கேட்டால் உடனே சொல்வார். தேனீயின் அருமையைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் கடவூர் மலையடிவாரத்துத் தேவாங்குக்கு என்ன விலை? 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை அதற்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. விலை சொல்லித்தான் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்றால் தேவாங்கு தோற்றுவிடும். நமக்கு முன்பிருந்தே இங்கே வாழ்கிறது, அதற்கும் இந்தக் காட்டில் பாத்தியதை உண்டு என்று சொல்லுங்கள். நம் மக்களுக்கு அது புரியும்.

ஒரு வகை போனால் என்ன, அதைப் போல வேறு வகை இருக்கிறதே?

1970களில் ஆசிய நெல் வயல்களைப் புல் குட்டை நோய் தாக்கியது. புகையான் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் அது. எதிர்ப்பாற்றலைத் தேடி, பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்றே ஒன்றில்தான் கிடைத்தது. உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல் அது. களையென்று பிடுங்கிப் போடும் ஒன்று. அதன் மரபணு சேர்ந்த ஐ.ஆர்.36 பிற்காலத்தில் உலகில் மிக அதிகமாகப் பயிரான நெல் வகைகளுள் ஒன்றானது.

திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன், வருவோருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். 2018இல் அவர் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட வகைகளை மீட்டிருந்தார்.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எதற்கு?

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரிலுள்ள உயிர்களையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்ததையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 2020 ஜனவரிக்குள் முடிக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தபோது, பல இடங்களில் அவசரமாக நிரப்பினார்கள். அலுவலகப் பீரோவில் இருக்கும் பதிவேட்டால் பயனில்லை. அதைக் கிராம சபையில் உரக்க வாசியுங்கள். "இது எங்கள் ஓடையில் இல்லையே", "இதை விட்டுவிட்டீர்களே" என்று குரல் எழும்போதுதான் அது மக்கள் பதிவேடாகிறது.

அரிட்டாபட்டியைப் பாருங்கள். மதுரைக்கு அருகிலுள்ள அந்தக் குன்றுகளையும் ஓடைகளையும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். சுமார் 250 பறவை இனங்கள், லகர் வல்லூறு, குடைவரைக் கோயில், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு எல்லாம் அங்கே உண்டு. அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024இல் அறிவிக்கப்பட்டபோது ஊர் மக்கள் திரண்டார்கள். பறவையின் பெயர், ஏரியின் பெயர், ஊற்றின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேலூர் வட்டார விவசாயிகளின் ஒற்றுமைதான் அதற்கு முதல் காரணம். ஊரில் என்ன இருக்கிறது என்று முன்பே எழுதி வைத்திருந்தது அவர்களுக்குப் பெரிய பலமாக நின்றது.

குழந்தைகளுக்கு எது பிடிக்கும்?

கண்ணால் பார்ப்பதும் கையால் செய்வதும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடுகிறார்கள். ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் வண்டித்தடம் போலக் கிடக்கும். தடம் கலைந்த இடத்தில் மெல்லிய தடியால் குத்திப் பார்ப்பார்கள். முட்டைக் குழியின் மேல் வந்ததும் கெட்டி மணல் விட்டுக்கொடுத்துத் தடி சட்டென்று இறங்கும். கையால் தோண்டினால் பிங்பாங் பந்து அளவில் நூற்றுக்கும் மேல் முட்டைகள் இருக்கும். மணலின் சூட்டைப் பொறுத்துக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும் என்று அந்த இடத்தில் வைத்துச் சொல்லுங்கள். வகுப்பறையில் இதைச் சொல்லி அந்த முகங்களைப் பார்க்க முடியாது.

உலகப் பல்லுயிர் நாளான மே 22 அன்று நிகழ்ச்சி வைக்கலாமா?

அன்று நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை, குளங்களும் வற்றியிருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர் நிறைந்திருக்கும் நாட்களே நமக்கு ஏற்றவை. தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஜனவரியில் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். பொங்கலுக்கு ஊருக்கு வருபவர்களை அப்படியே வாய்க்கால் பக்கம் கூட்டிப் போய்விடலாம்.

நாம் பேசியதால் பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கைதட்டலையும் உறுதிமொழிப் படிவத்தையும் எண்ண வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே ஊருக்குப் போங்கள். மருந்துக் கடையில் மாட்டுக்கு எந்த வலி மருந்து தருகிறார்கள் என்று கேளுங்கள். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் ஏரியைப் பற்றியோ மேய்ச்சல் நிலத்தைப் பற்றியோ ஒரு வரியாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் கலைந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளும் கேட்டு அடம்பிடிப்பதில்லை. அங்கே போய்வர வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் ஊராட்சித் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.